மிஸஸ் கார்வரை வழியனுப்பும் பாடம்

தேன்கல் மலையில் சுற்றுலா ஆங்கிலம் படிக்கிறவர்கள் மூன்றாம் பாடத்தை முடித்த மறுநாள், மூன்று நாற்பது பஸ்ஸில் அவரவருக்கு ஒரு விருந்தாளி வந்து இறங்குவார். மூன்றாம் பாடத்தின் பெயர் வரவேற்பு. அதிலுள்ள நான்கு வாக்கியங்களைத் திக்காமல் சொல்லிவிட்டால் போதும், விருந்தாளி புறப்பட்டுவிடுவார். எங்கிருந்து புறப்படுகிறார் என்பது ஒன்பதாம் பாடத்தில்தான் வருகிறது. ஆகையால் வந்து இறங்கும்போது அது அவருக்கே தெரியாது.

ஊரில் இதற்கென்று ஒரு முறை உண்டு. கண்டக்டர் அவர்களுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. டிக்கெட் வாங்குவது ஆறாம் பாடம். பஸ் நிலையத்துப் பழக்கடைக்காரர் அவர்களைக் கூவி அழைப்பதில்லை. பேரம் பேசுவது அதற்கும் அப்புறம். சூட்கேஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்பார்கள். படிக்கிறவர் போய் அழைத்துவந்து தன் வீட்டில் தங்கவைக்க வேண்டும். பாடம் வளர வளர விருந்தாளியின் தேவைகளும் வளரும். கடைசியான பன்னிரண்டாம் பாடம் வழியனுப்புதல். அதைச் சரியாகச் சொன்னால் விருந்தாளி தன் ஊர் போய்ச் சேர்ந்து, 'பத்திரமாக வந்து சேர்ந்தேன்' என்று ஒரு தபால் அட்டை போடுவார். கிளம்பிய ஐந்தாம் நாள் அட்டை வரும். அதை விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்தால்தான் சான்றிதழ்.

சுகந்திக்கு முப்பத்து நான்கு வயது. ஏரிக்கரையில் இருக்கிற பனிமுகில் ஹோட்டலின் பின்கட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குவது அவள் வேலை. ஒன்பது வருஷத்தில் அந்த ஹோட்டலுக்கு வந்துபோன அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும், விரிப்பை வைத்து. படுக்கையிலேயே டீ குடிக்கிறவர், மிக்சர் தின்கிறவர், மருதாணி காய்வதற்குள் தூங்கிப்போகிறவர், ஒரே பக்கமாகப் படுத்து அழுகிறவர். முகம் மட்டும் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பின்கட்டுக்கும் முன்வாசலுக்கும் நடுவே நீளமாக ஒரு நடை இருந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாண்டு என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஊரில் மற்றவர்கள் ஆசைப்படுகிற நகை நட்டோடு ஒப்பிட்டால் அது சின்ன ஆசைதான். ஆனாலும் அவளை அது விடுவதாக இல்லை.

ஐப்பசியில் வரவேற்பு மேசைப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சுகந்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடையைத் தாண்டிப் போய் மேனேஜர் நீலமேகத்தின் முன் நின்றாள்.

"மே பதினஞ்சு மலர்க் கண்காட்சி ஆரம்பம்மா," என்றார் நீலமேகம். "அன்னைக்குப் பகல் பன்னெண்டுக்குள்ள சர்டிபிகேட்டோட வந்தீன்னா மேசை உனக்கு. இல்லேன்னா பெங்களூர்ல ஒரு பொண்ணு ரெடியா இருக்கு."

அந்த வாரமே சுகந்தி, பேக்கரி மாடியில் கிளாடிஸ் மிஸ் நடத்தும் வகுப்பில் சேர்ந்தாள். கார்த்திகையில் மூன்றாம் பாடம் முடிந்தது. மறுநாள் மிஸஸ் கார்வர் வந்து இறங்கினார்.

மிஸஸ் கார்வருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர், கனமான ஷூ, கதவளவு உயரம். சுகந்தியின் வீடு இரண்டே அறை. முன்னறையை விருந்தாளிக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, சுகந்தி அடுப்படியில் படுத்தாள். அவள் கணவன் பெரியண்ணன் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். அவன் ஜீப்பிலேயே படுத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் முதுகுவலி போய்விட்டது என்று சொல்லி, விருந்தாளி இன்னும் கொஞ்சநாள் இருந்தால்கூடப் பரவாயில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

பாடத்து விருந்தாளிகளிடம் இரண்டு குணம் உண்டு. தன்னை வரவழைத்தவர் பேசுவது மட்டும்தான் அவர்களுக்கு விளங்கும். அதுவும் அவர் படித்த அளவுக்குத்தான் பதில் பேசுவார்கள். இரண்டாவது, அவர் எந்த மொழியில் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்வார்கள். அதனால் விருந்தாளியிடம் தமிழ் பேசக் கூடாது என்பது கிளாடிஸ் மிஸ்ஸின் சட்டம். ஜீப், கோழி, மழை, பெரியண்ணன் எல்லாரும் மிஸஸ் கார்வருக்கு ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி புன்னகை செய்வார்.

நாலாம் பாடத்தில் வெந்நீர் வரவில்லை. ஐந்தில் இன்னொரு தலையணை கேட்டார். எட்டாம் பாடம் புகார். அன்று காலையிலிருந்து மிஸஸ் கார்வர் ஒரு புகாருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சுகந்தி வைத்த சூப்பில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் ஆக ஆகப் புகார் கிடைக்காமல் அவர் முகம் வெளுத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெரியண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தலையில் மிச்சமிருப்பதில் ஒன்றைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டான். மிஸஸ் கார்வருக்கு உயிர் வந்தது. மூன்று வாக்கியம் புகார் சொன்னார், சுகந்தி மூன்று வாக்கியம் வருத்தம் தெரிவித்தாள். இருவரும் வேறு சூப் குடித்தார்கள்.

ஒன்பதாம் பாடத்தில் 'நான் இந்த ஊரைச் சேர்ந்தவள்' என்ற இடத்தில் புத்தகத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. படிக்கிறவர்தான் நிரப்ப வேண்டும். சுகந்திக்குத் தெரிந்த வெளிநாட்டு ஊர் ஒன்றுதான். ஹோட்டலின் இஸ்திரி அறையில் பழைய விமானக் கம்பெனிக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் செங்குத்தான ஒரு தெருவில் மஞ்சள் டிராம் வண்டி ஏறிக்கொண்டிருக்கும், கீழே லிஸ்பன் என்று போட்டிருக்கும். அதையே எழுதினாள். மிஸஸ் கார்வர் மிகவும் சந்தோஷப்பட்டார். சூட்கேஸ் மூடியின் உட்புறத்தில் பேனாவால் அந்தப் பெயரை எழுதிவைத்துக்கொண்டார். அன்று முதல், லிஸ்பனில் நாங்கள் இப்படித்தான் என்று அவ்வப்போது சொல்லத் தொடங்கினார். பத்தாம் பாடத்தில் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். சுகந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். ஈரத்துணி பாடத்தில் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் பன்னிரண்டாம் பாடம் முடிந்தது. மிஸஸ் கார்வர் ஷூ மாட்டிக்கொண்டு சூட்கேஸோடு வாசலுக்கு வந்தார். சுகந்தி ஐந்து வாக்கியங்களையும் சொன்னாள். எங்களோடு தங்கியதற்கு நன்றி, பயணம் இனிதாகட்டும், எல்லாமே சுத்தமாக, நிறுத்தி நிதானமாக வந்தன. மிஸஸ் கார்வர் கைகுலுக்கிவிட்டுப் படி இறங்கினார். நாலு அடி போயிருப்பார்.

"போயிட்டு வாங்க மேடம்," என்றாள் சுகந்தி.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. ஒருவர் பையோடு வாசலில் இறங்கினால் அது வாயிலிருந்து தானாக வந்துவிடும். சிலிண்டர் போடுகிறவருக்குச் சொல்வாள், மீட்டர் பார்க்க வருகிறவருக்குச் சொல்வாள், ஒருமுறை ஜன்னல் வழியாக வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போன குரங்குக்கும் சொல்லியிருக்கிறாள். போகிற ஆளிடம் வா என்ற சொல்லைச் சேர்க்காமல் எப்படி அனுப்புவது என்று அவளுக்குத் தெரியாது. அப்படி அனுப்பினால் அது விரட்டுவது ஆகிவிடும்.

மிஸஸ் கார்வர் பஸ் நிலையம் வரை போனார். போயாகிவிட்டது, இனி வர வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் வாசலில் நின்றார். 'மதிய வணக்கம், என் பெயரில் ஓர் அறை பதிவாகியிருக்கிறது' என்றார். அது மூன்றாம் பாடம். சுகந்தி பதிவேட்டை எடுத்துவந்து பெயர் எழுதச் சொன்னாள். பெரியண்ணன் முன்னறையில் அப்போதுதான் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனான்.

கிளாடிஸ் மிஸ் முழுவதையும் கேட்டார்.

"இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல சுகந்தி. முழு மார்க்கு. அதுக்கப்புறம் சொல்றியே, அதுதான்."

"அது தானா வருது மிஸ்."

"அப்ப வாயக் கொஞ்சம் புடிச்சு வச்சுக்க."

பிடித்து வைத்துக்கொள்ள அவள் எடுத்த முயற்சி கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டாம் தடவை, தான் நல்லபடியாகப் பேசி முடித்ததும் கொழுக்கட்டை ஒன்றை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் தலை தன்பாட்டுக்கு ஆடியது. போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்த மிஸஸ் கார்வருக்கு அந்த ஆட்டம் போதுமானதாக இருந்தது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவது வரை நடந்துபோய்விட்டுத் திரும்பினார். மூன்றாம் தடவை பெரியண்ணனே அவரை ஜீப்பில் அடிவாரம் வரை கொண்டுபோய் இறக்கினான். இறங்கினார், நின்றார். அவன் வண்டியைத் திருப்பியதும் ஏறிக்கொண்டார். மலைக்குத்தான் வருகிற வண்டி, அதில் வருவதில் அவருக்கு ஒரு தடையும் தெரியவில்லை.

"நீங்களாச்சும் எறக்கி விட்டுட்டு வேகமா வந்திருக்கலாம்ல?" என்றாள் சுகந்தி.

"எறங்குன மனுஷி ஏறும்போது கைய நீட்டுனாங்க. புடிச்சு ஏத்தாம என்ன பண்றது?" என்றான் பெரியண்ணன்.

படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் சகாயம் அவளோடு படித்தவர். அவர் தன் விருந்தாளியை முதல் தடவையிலேயே அனுப்பி, ஐந்தாம் நாள் அட்டை வாங்கி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். சுகந்தி அவரிடம் போய் யோசனை கேட்டாள்.

"கதவச் சாத்திரணும். சொல்லி முடிச்ச கையோட சாத்திரணும்," என்றார் சகாயம்.

"நீங்க சாத்துனீங்களாண்ணே?"

"சாத்துனேன்." அவர் டிக்கெட் கட்டை ரப்பர் பேண்டால் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "அவரு செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. மாட்டிக்கிட்டுப் போறதுக்குக்கூட நான் நேரம் குடுக்கல. நல்ல மனுஷன். இப்பவும் ரெண்டு தட்டு எடுத்து வச்சுடறேன்."

சுகந்தி அதையும் செய்து பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து சொல்லிவிட்டாள்.

மே மாதம் பிறந்துவிட்டது. தேன்கல் ஏரியில் படகுகளுக்குப் புது வர்ணம் அடித்தார்கள். பனிமுகில் ஹோட்டல் வாசலில் பந்தல் கட்டினார்கள். வரவேற்பு மேசைப் பெண் தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மேசை காலியாகக் கிடந்தது. சுகந்தி விரிப்பு மூட்டையோடு நடையின் இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள். பத்தாம் தேதிக்குள் மிஸஸ் கார்வர் கிளம்பினால்தான் பதினைந்தாம் தேதி அட்டை கைக்கு வரும். மிஸஸ் கார்வர் மீது ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபம்கூட வந்தது. அவரோ அப்போது கோழிக்கு, லிஸ்பனில் நாங்கள் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோபப்பட வழியில்லை.

எட்டாம் தேதி அவள் தங்கை மலர்க்கொடி வந்துவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பினாள். பஸ் நகரும்போது சுகந்தி ஜன்னலோரம் கூடவே நடந்தாள்.

"போய்ச் சேந்ததும் ஒரு போனப் போட்ருடி."

"போடறேன்க்கா."

மூன்று மணி நேரம் கழித்து மலர்க்கொடி வீடு வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தாள். சுகந்தி சரி என்று வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி கொடிக்கயிற்றின் அடியிலேயே உட்கார்ந்தாள். மேலே பதினாறு விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இத்தனை நாள் அவள் சொல்லாமல் இருக்கத்தான் பாடுபட்டாள். தங்கைக்குச் சொல்கிற அளவுக்கு மிஸஸ் கார்வருக்கு அவள் சொன்னதே இல்லை. பாதியைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்தியிருக்கிறாள். இன்னும் சொல்ல வேண்டும், அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் அந்த வாக்கியம் இல்லை. சுகந்தி அங்கங்கே இருந்து எடுத்தாள். போய்ச் சேர்வதற்கான சொல் ஏழாம் பாடத்தில் ஏரிக்கு வழி சொல்கிற இடத்தில் இருந்தது. எழுதுங்கள் என்பது மூன்றில், பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லும் இடத்தில். வீடு ஒன்பதில். வா என்பது முதல் பாடத்திலேயே கிடந்தது. பெரியண்ணன் மூன்று பழைய ஜீப்பிலிருந்து கழற்றி ஒரு ஜீப் சேர்த்ததுபோல அவள் அதைச் சேர்த்தாள். விரிப்புகளை மடித்துக்கொண்டே இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். மறுநாள் காலை பேக்கரி மாடிக்குப் போய்ச் சொல்லிக் காட்டினாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு வாருங்கள் என்பதுதான் வாக்கியம்.

கிளாடிஸ் மிஸ் புத்தகத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார்.

"இது எந்தப் பாடத்துலயும் இல்லையே."

"இல்ல மிஸ்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானாத்தான் மிஸ்."

கிளாடிஸ் மிஸ் பதினோரு வருஷமாக வகுப்பு நடத்துகிறார். அவர் புத்தகத்தை மூடி மேசையின் ஓரத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு ப்ளீஸ் சேத்துக்க," என்றார்.

பத்தாம் தேதி காலை மிஸஸ் கார்வர் ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சுகந்தி பாடத்தின் ஐந்து வாக்கியங்களையும் சொன்னாள். ஆறாவதாகத் தன்னுடையதைச் சொன்னாள். மிஸஸ் கார்வர் படியில் நின்றுவிட்டார். சூட்கேஸைக் கீழே வைத்துத் திறந்து, பேனாவை எடுத்து, விலாசம் கேட்டார். விலாசம் மூன்றாம் பாடத்திலேயே வந்துவிட்டது, அதில் ஒரு சிரமமும் இல்லை. லிஸ்பன் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கைகுலுக்காமல் சுகந்தியைக் கட்டிக்கொண்டார். அதுவும் எந்தப் பாடத்திலும் இல்லை. சுகந்தியின் தலை அவர் ஸ்வெட்டரின் மூன்றாவது பொத்தான் வரைதான் எட்டியது.

அன்று மாலை அவர் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீடு பெரிதாகிவிட்டது. பெரியண்ணன் முன்னறையில் படுத்துப் பார்த்தான், முதுகு வலிக்கிறது என்று ஜீப்புக்கே போய்விட்டான். சுகந்திக்குச் சந்தோஷமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது. இரண்டு தட்டு எடுத்து வைக்கிற சகாயத்தை நினைத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பெங்களூர்ப் பெண் பனிமுகில் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தாள். பெயர் ரக்‌ஷிதா. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலமேகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுகந்தி தபால் ஆபீஸ் வாசலில் நின்றாள். பதினொன்று பத்துக்குத் தபால்காரர் பையைப் பிரித்து, மஞ்சள் டிராம் படம் போட்ட அட்டை ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"பத்திரமா போய்ச் சேந்துட்டாங்க. மத்தத நீயே படிச்சுக்க," என்றார்.

அவள் படிக்க நிற்கவில்லை. பேக்கரி மாடிக்கு ஓடினாள். கிளாடிஸ் மிஸ் பசை தடவி ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். ஏரிக்கரை வழியாக ஓடி, பழக்கப்படி ஹோட்டலின் பின்வாசலில் நுழைந்து, நடையைத் தாண்டி, மேசைக்குப் பின்னால் போய் நின்றபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. மூச்சு வாங்கியது. நீலமேகம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது.

"சரி," என்றார்.

ரக்‌ஷிதா எழுந்து பெட்டியை எடுத்தாள். அவளுக்கும் அது சட்டென்று விளங்கிவிட்டது. வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தவளைப் பார்த்து, சுகந்தி மூன்றாம் பாடத்தின் நான்கு வாக்கியங்களையும் சொன்னாள். ரக்‌ஷிதா நின்றாள். மேசைக்கு வந்து பதிவேட்டில் பெயர் எழுதினாள். இடது புருவத்தின் மேல் சின்னதாக ஒரு மச்சம் இருந்தது, வெகுதூரம் வந்த களைப்பு கண்ணில் இருந்தது. சுகந்தி கண்கொட்டாமல் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் முகம். ரக்‌ஷிதா மூன்று நாள் தங்கி மலர்க் கண்காட்சி பார்த்தாள். ரோஜாவில் செய்த யானை நன்றாக இருந்தது என்றாள். போகும்போது சுகந்தி அவளிடம் ஆறு வாக்கியமும் சொன்னாள்.

விண்ணப்பத்தில் ஒட்டிய அட்டையின் மீதியைச் சுகந்தி பதினைந்தாம் தேதி மத்தியானம் பேக்கரி மாடிக்குத் திரும்பிப் போய்த்தான் படித்தாள். மிஸஸ் கார்வர் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். நீ சொன்னபடி வீட்டுக்கு வந்துவிட்டேன், எழுதியும் விட்டேன். இனி அங்கே வர வேண்டும். ஆனால் எனக்குத் தமிழில் இரண்டே சொல்தான் தெரியும், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வருவது முறையாகாது. இங்கே ஒரு பேக்கரியின் மாடியில் தமிழ் வகுப்பு நடக்கிறது, சேர்ந்துவிட்டேன். எங்களுக்கு ஜூலை முதல் புதன்கிழமை மூன்றாம் பாடம்.

சுகந்தி சீசன் முழுவதும் மேசையில் நின்றாள். முந்நூற்றுச் சொச்சம் முகங்களைப் பார்த்தாள். மிக்சர் தின்கிறவர் யார், அழுகிறவர் யார் என்று முகத்தை வைத்தே சொல்ல அவளுக்கு வந்துவிட்டது. அழுகிறவர்களுக்கு ஏரி தெரிகிற அறையாகப் பார்த்துக் கொடுத்தாள். ஜூன் கடைசியில் கூட்டம் ஓய்ந்ததும், மிஸஸ் கார்வர் மூன்றாம் பாடம் முடிப்பதற்கு மறுநாளான வியாழன் தொடங்கி லீவு கேட்டு விண்ணப்பம் எழுதினாள்.

"எத்தன நாளு?" என்றார் நீலமேகம்.

"பன்னெண்டு பாடம் சார்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அங்க ஹோட்டல்ல துண்டு எப்படி மடிக்கிறாங்கன்னு பாத்து வச்சுக்க. பேர்ப்பலகைய எடுக்காத, மேசையிலயே இருக்கட்டும்."

வியாழக்கிழமை காலையிலிருந்து மிஸஸ் கார்வரின் விருந்தாளியான தன்னிடம் மூன்று பாடத் தமிழ்தான் இருக்கும் என்பது சுகந்திக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் புதன்கிழமையே சொல்லி முடித்தாள். ரேஷன் கார்டு எந்த டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, பருப்புக்கு எத்தனை விசில், கோழியை எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும். உங்களை நினைத்துக்கொண்டே இருப்பேன் என்பதையும், பிறகு சொல்ல முடியாது என்பதால், அப்போதே பெரியண்ணனிடம் சொன்னாள். அவன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான். எனக்கும் அப்படித்தான் என்றான்.

வியாழன் காலை அவன் அவளை ஜீப்பில் பஸ் நிலையத்துக்கு அழைத்துவந்தான். அவள் புதுப் புடவையும் ஸ்வெட்டரும் போட்டிருந்தாள். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலையை, பழக்கடையை, பெரியண்ணனை எல்லாம் ஒரே மாதிரி சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. பெரியண்ணன் பெட்டியை மேலே ஏற்றி, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, சோறு போட்டுத் துண்டில் கட்டிய தூக்குப்போசியை மடியில் வைத்தான்.

"பசிச்சா சாப்பிடு, தெரியுதா?" என்றான்.

"வணக்கம்," என்றாள் சுகந்தி. "என் பெயர் சுகந்தி. எனக்கு ஓர் அறை வேண்டும்."

பெரியண்ணன் தூக்குப்போசியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"தமிழ்ப் புஸ்தகந்தான," என்றான். "நாலாம் பாடத்துலயே சோறு வந்துரும்."

பஸ் முதல் வளைவில் திரும்பும் வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு அடிவாரத்துக்குப் போக ஆள் சேர்ந்திருந்தது, வண்டியை எடுத்தான்.